அக்காவுக்கு நான் கொடுத்த அவுட்

எங்கள் மைதானத்தில் ஸ்கோர்போர்டை இன்னும் கையால்தான் மாற்றுகிறோம். இரும்பு ஏணியில் ஏறி, போர்டுக்குப் பின்னால் உள்ள மேடையில் நின்று, எண் எழுதிய தகரங்களைக் கொக்கியில் மாட்ட வேண்டும். மேஸ்திரி ரன்களைப் பார்த்துக்கொள்வார். ஆடுபவர்களின் கணக்கு, சொட்டை என்று நாங்கள் கூப்பிடும் பெயின்டருக்கு. விக்கெட் என் பொறுப்பு.

இந்தத் தொடரின் மூன்று டெஸ்டும் இங்கேதான். எதிரணி ஆடினால் மேஸ்திரிக்கு மூச்சு வாங்கும். நம் பெண்கள் தேசிய அணி ஆடினால் எனக்கு. ஐந்து இன்னிங்ஸில் ஒன்றுகூட நூறைத் தொடவில்லை. அம்பயர் விரலைத் தூக்கும்வரை காத்திருப்பதையே விட்டுவிட்டேன். பந்து போட்டவர் கத்தினால் போதும், அடுத்த தகரம் கொக்கியில் ஏறிவிடும். ஒருமுறைகூடத் தப்பாகாததால் அதை என் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக இறங்குவது என் அக்கா. இதுவரை எடுத்தது பூஜ்யம், நான்கு, ஒன்று, பூஜ்யம், இரண்டு. இந்தக் கடைசி இன்னிங்ஸிலும் சொதப்பினால் அணியில் இடமில்லை என்று தேர்வுக்குழுத் தலைவி நேராகவே சொல்லிவிட்டார்.

கடைசி நாள். ஜெயிக்கும் பேச்சே இல்லை. மாலைவரை தாக்குப்பிடித்தால் டிரா. மதியத்துக்குள் நான்கு விக்கெட் காலி. அக்கா மூன்று ரன்னில் இருந்தபோது பந்து காலில் பட்டது. பதினொரு பேரும் கத்தினார்கள். நான் ஐந்தை மாட்டினேன்.

அம்பயர் இல்லையென்று தலையசைத்தார்.

மைதானமே சிரித்தது. விக்கெட் கீப்பர் போர்டைச் சுட்டிக்காட்ட, அக்கா திரும்பிப் பார்த்தாள். அது யார் கை என்று அவளுக்குத் தெரியாதா? மட்டையை என் பக்கம் நீட்டி 'என்னடா?' என்பதுபோல் ஆட்டினாள். நான் தலையை ஆமைபோல் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"ஏம்பா, அம்பயருக்கே இல்லாத அவசரம் உனக்கு எதுக்கு?" என்றார் சொட்டை.

போன் அடித்தது. வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா.

"ஏன்டா, அவங்க பதினொரு பேர் பத்தாதுன்னு நீயும் போய்ச் சேந்துக்கிட்டியா?"

"பழக்கத்துல வந்துடுச்சும்மா."

"எது பழக்கம்? உங்க அக்கா அவுட்தான் ஆவான்னு நெனைக்கிறதா?"

போனை அணைத்துவிட்டேன். உண்மை அதுதானே.

ஐந்தைக் கழற்றி மேடையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வெயிலில் காய்ந்த தகரம், பின்பக்கம் பொரிந்தது. எழுந்திருக்கவில்லை. எதிர்முனையில் விக்கெட் விழுந்தபோது, அந்தப் பெண் பாதி தூரம் நடந்த பிறகுதான் ஐந்தை மாட்டினேன். உடனே ஆறின்மேல் உட்கார்ந்தேன். பிறகு ஏழு. பிறகு எட்டு.

அக்கா மட்டும் அசையவில்லை. ஒரு பந்து விலாவில் பட்டுச் சுருண்டு விழுந்தாள். மருத்துவர் ஓடிவந்தார். அவரை அனுப்பிவிட்டு, கையுறையை இறுக்கிக்கொண்டு மறுபடி நின்றாள். ரன் எடுத்தாளா என்று கேட்காதீர்கள், சொட்டை இருமுறை கொட்டாவி விட்டார்.

கடைசி ஓவருக்கு ஒன்பது விக்கெட் போயிருந்தது. நான் பத்தின்மேல் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. ஐந்து பந்துகளைத் தடுத்தாள். ஆறாவது மறுபடி காலில் பட்டது. மறுபடி அதே கத்தல். மேஸ்திரியின் கை என் தோளை அழுத்திப் பிடித்தது.

அம்பயர் இந்த முறையும் இல்லையென்று தலையசைத்தார். டிரா.

இருநூற்று அறுபத்தொரு பந்தில் முப்பத்தொன்பது ரன், அவுட் இல்லை. அரைசதம்கூட இல்லாத ஒருத்திக்காக மைதானமே எழுந்து நின்றது. போர்டு எனக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பெயின்ட் பழசு என்று சொட்டையிடம் சொன்னேன். "நேத்துதான் அடிச்சேன்" என்றார் அந்த மனுஷன்.

சற்று நேரத்தில் அக்காவே ஏணிக்கடியில் வந்து நின்றாள்.

"எறங்குடா கீழ."

"அடிப்பியா?"

"அடிக்கத் தெம்பிருந்தா அரைசதம் போட்டிருக்க மாட்டேனா?"

"தலைவி என்ன சொன்னாங்க?"

"அடுத்த தொடர்லயும் மூணாவது எடம் எனக்குத்தானாம்." சொல்லிவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அவளுடைய கனத்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

வாசலில் ஒரே கூட்டம். "டேய், சொந்த அக்காவுக்கே அவுட் குடுத்தவன் இவன்தான்டா!" என்று எவனோ கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் சந்து வழியாக ஓடியிருப்பேன்.

"ஆமா, நான்தான்" என்றேன், பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "இவ என் அக்கா!"