இரண்டாவது சம்மதம்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் குக்கர். கொஞ்சம் சூடேறினால் போதும், விசில் அடித்துவிடுவான். கிரிப்டோ என்ற இணையக் காசு வியாபாரத்திலும் அதே கதைதான். விலை ஏறும்போது ஓடிப்போய் வாங்குவான், இறங்கும்போது அலறியடித்து விற்பான். அதில் அவன் சம்பாதித்தது ரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான்.

அதனால்தான் அவன் மனைவி அந்த ஏற்பாட்டைச் செய்தாள். சேமிப்பை எல்லாம் போட்டிருந்த கணக்குக்கு இரண்டு சம்மதம் வேண்டும், அவன் ஃபோனில் ஒன்று, அவள் ஃபோனில் ஒன்று. இருவரும் அழுத்தினால்தான் எதையும் விற்க முடியும். யாரிடமும் கைகட்டி நிற்காமல் சொந்தமாக ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கடை வைக்க அவன் ஆசைப்பட்டிருந்தான். அந்த ஆசை முழுக்க அந்தக் கணக்கில்தான் இருந்தது.

அன்று காலை விலை விழ ஆரம்பித்தது. லிஃப்ட் அப்படி விழாது, அதற்காவது பிரேக் உண்டு. மதியத்துக்குள் அவன் கனவுக் கடையில் பாதி காணாமல் போயிருந்தது. அவன் விற்கும் பொத்தானை அழுத்தினான். 'இரண்டாவது சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது' என்று திரை சொன்னது. அவளை அழைத்தால் எடுக்கவில்லை. வயிற்றுவலி என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, அவள் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு ஓடினான்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே பக்கவாதம் வந்த ஒரு பஸ் டிரைவர். மேசையில் இருக்கும் சின்ன மரக்கட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளின் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. குக்கர் வெளியே நின்று மறுபடி அழைத்தான். அவள் ஃபோனை எடுத்துப் பார்த்தாள், சம்மதம் கேட்டிருந்ததைப் படித்தாள், திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பார்த்துவிட்டும் அழுத்தவில்லை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கென்ன நெஞ்சில் இருப்பது கல்லா என்று கதவைத் தள்ளப் போனான்.

அதற்குள் டிரைவரின் விரல் கட்டையைத் தொட்டது, நழுவியது. மறுபடி தொட்டது. டிரைவரின் மனைவி உதவ எழுந்தாள். இவள் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. முகத்தில் அவசரமும் இல்லை, அலுப்பும் இல்லை. கட்டை மெல்ல எழும்பி, சாய்ந்து, கடைசியில் அவள் கையில் வந்து விழுந்தது. டிரைவர் வாய்விட்டு அழுதார். கதவுக்கு வெளியே குக்கருக்கும் கண் கலங்கியது. இத்தனை நேரம் விலையையே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவள் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"காலையிலயே பாத்துட்டேங்க. பயத்துல ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன்."

இத்தனை வருடம், இவளுக்குப் பயமே கிடையாது, பிறவியே அப்படி என்றல்லவா நினைத்திருந்தான்! வாந்தி எடுத்து, வாயைக் கழுவிக்கொண்டு வந்துதானா அந்தக் கையை அப்படி ஆடாமல் நீட்டியிருந்தாள்? கட்டிய மனைவியை நிமிர்ந்து பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்புறம் ஏன் அழுத்தல?"

"விக்கிறது சரியா தப்பான்னு எனக்கென்னங்க தெரியும்? ஃபோனைத் தொட்டாலே கை நடுங்குது, அது மட்டும்தான் தெரிஞ்சுது. நடுங்குற கையால எதையும் அழுத்தக் கூடாதுன்னு இருந்துட்டேன்." அவள் ஃபோனை வெளியே எடுத்தாள். "இப்ப நின்னுடுச்சு. சொல்லுங்க, வித்துடலாமா?"

திரையில் விலை இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அவன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான்.

"எனக்கு இன்னும் நிக்கலம்மா" என்றான்.

அவள் ஃபோனைப் பையில் போட்டுவிட்டு, அவனுக்கும் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.