பாதி எழுந்த கோமதிநாயகம்

கம்ப்யூட்டர் எழுந்திருக்காததால் கோமதிநாயகமும் அன்று காலை பாதிதான் எழுந்தார்.

வலது கால் தரையில் இருந்தது. இடது கால் கட்டிலிலேயே கிடந்தது. ஒரு கண் திறந்திருந்தது. காப்பி கேட்க வாயெடுத்தவர் "கா" வரைக்கும் வந்து நின்றுவிட்டார். அவர் மனைவி செண்பகவல்லி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருந்தாள். காப்பிதான் ஆறியது.

கோவில்பட்டியில் இது நடக்காத காரியம் இல்லை. பல வருஷமாகவே கோமதிநாயகம் எதையும் தலையில் வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். முதலில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு போனது. அப்புறம் கல்யாண நாள், ஒன்றுவிட்ட அண்ணன்மார் பெயர்கள், செண்பகவல்லிக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது. கடைசியில் சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தால் தனக்குப் பிடிக்குமா என்பதைக்கூட அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் முகம் சுளிப்பார். தலை லேசாக இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். லேசாகத்தான் இருந்தது. ஆடிக் காற்றில் வெளியே போனால் தலையைக் கையால் பிடித்துக்கொள்வார்.

தவறு செண்பகவல்லியுடையது. முந்தின நாள் ஆயுத பூஜை. அரிவாள்மனை, கத்தரிக்கோல், சைக்கிள் பம்பு, தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் ஓய்ந்தபாடில்லை. திரையில் ஒரு பட்டை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே அணைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற ஆயுதத்துக்குச் சந்தனம் வைக்கிற வழக்கம் அவள் பிறந்த வீட்டில் கிடையாது. அன்றைக்கு ஒரு நாளாவது அது ஓய்வெடுக்க வேண்டும். அதற்குத்தானே பூஜை.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். திரைக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். பொரியும் சுண்டலும் படைத்தாள். கோமதிநாயகம் பொரியைத் தின்றுவிட்டுத் தூங்கப் போனார். போகும்போது வாசல்படியில் நின்று எதற்கோ திரும்பிப் பார்த்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

இப்போது திரையில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. செண்பகவல்லி உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் வெகு மரியாதையாகப் பேசினாள்.

"ஸ்டார்ட்அப் டிஸ்க் கெட்டிருக்கு மேடம். ரெக்கவரி மோடுக்குள்ள போய்த்தான் ரிப்பேர் பண்ணணும்."

"எப்படிப் போகணும்?"

"ஆன் பண்ணும்போது கீபோர்டுல ரெண்டு பட்டனைச் சேத்துப் பிடிங்க. படம் வர்ற வரைக்கும் விடக் கூடாது."

"வரலைன்னா?"

"விடக் கூடாது மேடம்."

பக்கத்துத் தெருவிலிருந்து கோமதிநாயகத்தின் தங்கை பிரமு ஓடி வந்தாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். மைனி செண்பகவல்லியை நம்பி அந்த வேலையை விட அவளுக்கு மனசில்லை. தானே உட்கார்ந்து இரண்டு பட்டனையும் பிடித்தாள். படம் வரவில்லை. விடவும் வழியில்லை. செண்பகவல்லி அவளுக்கு இட்லியை ஊட்டிவிட்டாள்.

"மைனி, அண்ணனுக்கு மூக்கு அரிக்கு போல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கை பாதியில வந்து நிக்கி, பாருங்க."

செண்பகவல்லி போய்ச் சொறிந்துவிட்டாள். எந்தப் பக்கம் என்று தெரியாததால் இரண்டு பக்கமும் சொறிந்தாள்.

எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் விஷயம் கேள்விப்பட்டு ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். அது அவள் கணவர் இருதயராஜின் டிஸ்க். "அவுக கருப்பட்டி வாங்க உடன்குடி போயிருக்காக. வார வரைக்கும் இது சும்மாதான் கெடக்கும். உள்ளேயிருந்து எழும்பாட்டா வெளியேயிருந்து எழுப்பிப் பாக்கலாம்லா," என்றாள்.

அதன் ஒயரை இடுப்பில் சொருகியதும் கோமதிநாயகம் முழுசாக எழுந்து நின்றார். செண்பகவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "புஷ்பம், என் கண்ணாடிய எங்க வச்ச?" என்றார். அவர் கண்ணாடி போடுகிறவர் இல்லை. பிறகு தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனார். ஒயர் வேண்டிய மட்டும் நீண்டுகொடுத்தது. அங்கே ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அப்புறம் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

செண்பகவல்லி தன் வாசலில் நின்று பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி அவள் பார்த்ததில்லை. தங்கபுஷ்பம் மோர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று தானாகவே சொன்னார். எங்கும் போய்ப் பார்க்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் தங்கபுஷ்பம்.

"வேண்டாக்கா. கழட்டிருங்க."

கழற்றியதும் அவர் பாதிக்குத் திரும்பினார். இரண்டு பெண்களுமாகத் தூக்கி வந்து, பழையபடி ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைக் கட்டிலிலும் வைத்தார்கள். தரையில் இருந்தது வேறு கால் என்று பிரமு உட்கார்ந்த இடத்திலிருந்தே குறை சொன்னாள். மாற்றி வைத்தார்கள்.

உதவி எண்காரி இந்த முறை ஒரு விலாசம் சொன்னாள். ரெக்கவரி வராவிட்டால் நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கடலைமிட்டாய்க் கடை மாடியில் இருக்கிறதாம். செண்பகவல்லி கம்ப்யூட்டர் பெட்டியைக் குடம்போல இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பிரமு கீபோர்டோடு வீட்டிலேயே இருந்தாள். விடவில்லை.

மாடியில் ஒரு வராந்தா. அதன் கடைசியில் ஒரு ஜன்னல். அவள் நடக்க நடக்க வராந்தா நீண்டது. இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் ஆட்கள் தங்கள் தங்கள் பாதிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தும்ம ஆரம்பித்து முடிக்காத மாமியாரைக் கூட்டி வந்திருந்தார். அவள் முகத்துக்கு நேரே ஒரு கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரமாக நின்றார்.

"நடக்காதீங்கம்மா. நடந்தா அது போய்க்கிட்டேதான் இருக்கும். நின்னா அதுவா வரும்," என்றார் அவர்.

செண்பகவல்லி நின்றாள். வராந்தா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு சலித்துப்போய்ச் சுருங்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் அவள் மூக்குக்கு நேரே நின்றது. உள்ளே ஒருவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரெக்கவரி மோடு இதுதானா?"

"இதுதான். இன்னும் லோடு ஆகல."

"நீங்க உள்ள இருக்கீங்களே."

"நான் லோடு ஆன மட்டுக்கும் இருக்கேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். மேஜைக்குக் கீழே அவர் இல்லை.

"எப்ப முழுசா ஆகும்?"

"டிஸ்க் நல்லா இருந்தா உடனே ஆயிரும்."

"டிஸ்க் நல்லா இருந்தா நான் எதுக்கு இங்க வாரேன்?"

"அதத்தான் நானும் பாக்கேன். டிஸ்க் நல்லா இருக்கவுக ஒருத்தரும் வர மாட்டேங்காக."

அவர் இருந்த இடத்திலேயே கையைக் கழுவிவிட்டு, பெட்டியின் மேல் காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"உள்ள ஆள் இருக்கு," என்றார். "ஒரே பேரத் திருப்பித் திருப்பிச் சொல்லுதாரு."

"என்ன பேரு?"

"அது ரிப்பேர் ஆனாத்தான் வெளங்கும்."

செண்பகவல்லியும் காதை வைத்தாள். தகரம் சில்லென்று இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. ஒரு பிளக்கைப் பிடுங்கியதற்கு இத்தனையா என்று நினைத்து அழுதாள். பெட்டிக்குள் இருக்கும் மனுஷனை இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருக்கலாமே என்று நினைத்தும் அழுதாள். ஜன்னல்காரர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, அவள் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"வேற வழியே கிடையாதா?"

"இருக்கு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தலாம். நல்லா ஓடுவாரு."

"என்னத் தெரியுமா?"

"புதுசுக்கு யாரம்மா தெரியும்?"

"அப்படியே விட்டுட்டா?"

"விளக்கு வைக்க நேரத்துக்குள்ள எழும்பாட்டா அணைஞ்சதா எடுத்துக்கிடுவாக."

"யாரு எடுத்துக்கிடுவாக?"

"எடுத்துக்கிடுவாக," என்று சொல்லிவிட்டு ஒரு பென் டிரைவை ஜன்னல் வழியாக நீட்டினார்.

திரும்பும்போது வராந்தா ஒரு எட்டு தூரம்தான் இருந்தது.

வீட்டில் கோமதிநாயகத்தின் வலது காலும் கட்டிலுக்கு ஏறியிருந்தது. திறந்திருந்த கண் சொருக ஆரம்பித்திருந்தது. பிரமு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"காலத் தூக்கிட்டாரு மைனி. நான் விடவே இல்ல. சத்தியமா விடல."

"தெரியும்."

செண்பகவல்லி அங்கே சொன்னதையெல்லாம் சொன்னாள். பிரமு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அழிக்காதீங்க மைனி. பாதியா இருந்தாலும் அது எங்கண்ணன். நான் இப்படியே பிடிச்சிக்கிட்டு இருக்கேன். ஆயுசுக்கும் பிடிச்சிக்கிட்டு இருக்கேன்."

"அந்தப் பாதியும் போகப் போகுது பிரமு. விளக்கு வைக்கப் போறாக."

தெருக்கோடி வீட்டில் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். செண்பகவல்லி நாத்தனாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பட்டனிலிருந்து பிரித்தெடுத்தாள். பிரமு தடுக்கவில்லை. பிரித்த விரல்கள் வளைந்தபடியே நின்றன.

பெட்டியைப் பழையபடி மாட்டிப் பென் டிரைவைச் சொருகினாள். திரை, எல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. செண்பகவல்லி உடனே அமுக்கவில்லை. கட்டிலருகே போனாள். சொல்லாமல் செய்து ஒரு தடவை பட்டாயிற்று.

"என்னங்க. அழிக்கப் போறேன்," என்றாள்.

அவர் மீதமிருந்த கண்ணால் பார்த்தார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அமுக்கியதும் அவர் முகத்தில் வேலை தொடங்கியது. நெற்றிச் சுருக்கங்கள் இடமிருந்து வலமாகப் போயின. அம்மைத் தழும்பு போயிற்று. ஒரு சண்டையில் அவள் கரண்டியை எறிந்ததால் புருவத்தில் விழுந்த வடு கொஞ்சம் சிக்கி நின்றது. செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். அதுவும் போயிற்று.

கோமதிநாயகம் இரண்டு காலையும் தரையில் ஊன்றி எழுந்தார். சுறுசுறுப்பாக இருந்தார். அறையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்தார்.

"வணக்கம். எந்த மொழியில் தொடரலாம்?"

"தமிழ்தான்," என்றாள் செண்பகவல்லி.

"நன்றி. இந்த வீட்டின் உரிமையாளர் யார்?"

"நீதாம்ணே," என்ற பிரமு அதற்கு மேல் முடியாமல் வளைந்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர் அதற்கும் நன்றி சொன்னார். பிறகு செண்பகவல்லியைப் பார்த்தார்.

"நீங்கள்?"

"உங்க பெண்டாட்டி."

அவர் கண்ணை மூடித் தேடினார். உண்மையாகவே தேடினார். "அப்படி ஒரு கணக்கு இங்கே இல்லை," என்றார். "முன்பே இருந்திருந்தால் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்."

அவள் கல்யாண நாளைச் சொன்னாள். அவர் தலையசைத்து மறுத்தார். தன் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். மறுத்தார். யாரும் இல்லாதபோது அவர் அவளைக் கூப்பிடுகிற பெயர் ஒன்று உண்டு. அடுப்படியில் நாத்தனார் இருப்பது தெரிந்தும் அதைச் சத்தமாகவே சொன்னாள்.

"தவறு," என்றார் அவர் மென்மையாக. "கவலைப்படாதீர்கள். நீங்கள் விருந்தினராக வரலாம். ஆனால் ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் எதுவும் சேமிக்கப்படாது. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றாள் செண்பகவல்லி.

அவர் முன்னறைக்குப் போய் நல்ல நாற்காலியாகப் பார்த்துத் துடைத்துப் போட்டார். அவள் வந்து அதன் நுனியில் உட்கார்ந்தாள்.