கோழித் திருடன் சொன்ன சாட்சி

மலாயாவின் கிள்ளான் ஊரில், பாசார் என்ற சந்தைக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருந்த காத்தமுத்துவுக்குப் போலீஸ்காரர் வேதநாயகத்தைக் கேலி பேசாவிட்டால் பொழுது போகாது. 1923இல் ஒரு காலையிலும் அதே பேச்சுதான்.

“அரபு நாட்டு பஸ்ராவுல வெள்ளைக்காரன் பட்டாளத்துல சண்டை போட்டாராம்லா! அங்க சமையக்கட்டுல வெங்காயம் உரிச்சிருப்பாரு. கட்டில்லேருந்து விழுந்து காலு நொண்டியாயிருக்கும். அந்தக் காலோட யாரைப் பிடிப்பாரு?”

கடையே சிரித்தது. ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்த மாடசாமி மட்டும் எழுந்தான். கோழி திருடிச் சிறைக்குப் போய், முந்தின நாள்தான் வெளியே வந்திருந்தான்.

“என்னைப் பிடிச்சாருண்ணே. ஆத்தோரமா ரெண்டு மைல் ஓடினேன். நொண்டிக்கிட்டே விடாம வந்தாரு. நான் சேத்துல இடுப்பு வரைக்கும் புதைஞ்சுட்டேன். இறங்கி இழுத்துப் போட்டாரு. ஒரு அடி அடிக்கல. குளிருல நடுங்குறேன்னு தன் சட்டையைக் கழட்டிக் குடுத்தாரு. விலாவுல குண்டு பாஞ்ச தழும்பு, உள்ளங்கை அகலம். கட்டில்லேருந்து விழுந்தா அப்படி ஆகுமா?”

அப்போது பார்த்து வேதநாயகமே உள்ளே வந்தார்.

“ரெண்டு மைல் துரத்துனீங்களாமே?” என்று காத்தமுத்து தயங்கிக் கேட்டார்.

“அவ்வளவு இல்லைங்க. அரை மைல் இருக்கும்.”

“ஐயா, கொஞ்சம் சும்மா இருங்க!” என்று மாடசாமி பதறினான். “உங்க மானத்தைத்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்!”

வேதநாயகம் வாய்விட்டுச் சிரித்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“தெரியாம பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க” என்று சொல்லி, காத்தமுத்து இருவருக்கும் காப்பி கலக்கப் போனார்.