சமீராவுக்கு ஒரு ரோசாப்பூ

மனிதகுலத்தின் வீழ்ச்சி அணுகுண்டால் வரப்போவதில்லை, வாட்ஸப்பில் வருகிற ‘இனிய காலை வணக்கம்’ ரோசாப்பூவால்தான் வரும், இதில் மரியோவுக்குத் துளியும் சந்தேகமில்லை, கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிற பத்தியின் முதல் வரியே அதுதான், இரண்டாவது வரிதான் லோரன்ஸ் வீதியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறியதிலிருந்து வரமாட்டேன் என்கிறது... மினுங்குகிற எழுத்து, பனித்துளி ஒட்டிய இதழ், மூலையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை, காஸாவில் கூடாரத்தில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு இதையா அனுப்புவது? சேர்ச் பெண்கள் சங்கம் மாவுக்குக் காசு அனுப்புகிறது, சமீரா மண் அடுப்புப் போட்டு அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார், அதுவரைக்கும் சரி, அதோடு நிற்கவேண்டியதுதானே, சங்கத்து ஃபோனை வைத்திருக்கிற ஒரே தகுதியில் அம்மா ஏன் தினமும் விடியவே ஒரு பூவையும் சேர்த்து அனுப்பவேண்டும், அம்மாவுக்கு அரபு தெரியாது, சமீராவுக்குத் தமிழ் தெரியாது... ‘அம்மா, அங்க குண்டு விழுது, நீங்க ரோசாப்பூ அனுப்புறியள்.’ ‘ஓம், அனுப்புறன். நீ என்னத்தையடா அனுப்பினனி?’ சங்கத்துக் கிறிஸ்ரினா அன்ரி அதே ஃபோனிலிருந்து, ஒருபடி மேலே போய், வேளாங்கண்ணி மாதாவையே அனுப்பிவிட்டார், ‘ஐயோ அன்ரி, அவை முஸ்லிம் சனம், மூண்டாம் உலகப்போர் உங்கட கையாலதான் தொடங்கப்போகுது,’ ‘பொத்தடா வாயை,’ என்று சொன்னாலும் அன்ரியின் முகம் வெளுத்துத்தான் போனது, சமீராவிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது, மர்யம், மாதாவுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர், பக்கத்தில் ஒரு இதயம், கீழே அப்போதுதான் சுட்ட ரொட்டியின் படம்... இதைப் பத்தியில் போடலாமா, போட்டால் யார் சிரிப்பார்கள்?

இன்று காலை வேலைக்குப் போகிற அவசரத்தில் அம்மா அந்த ஃபோனை அவன் கையில் திணித்தார், ‘இதை நீ வைச்சிரு, எனக்குப் பாக்கேலாது,’ ஏன் என்று கேட்கவில்லை, பத்திக்கு உதாரணங்கள் கிடைத்தன என்ற சந்தோசம்தான் வந்தது, இப்போது திறந்து பார்க்கிறான், ரொட்டிப் படத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுமே இல்லை, இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பூ, அதற்குக் கீழே பூ, மஞ்சள், சிவப்பு, திரும்பவும் சிவப்பு, எல்லாவற்றின் காலடியிலும் ஒற்றைச் சாம்பல் ரிக், ஒரேயொரு சரிக்குறி, போய்ச் சேரவில்லை, போய்ச் சேரவில்லை, அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்... வெள்ளிக்கிழமை வரைக்கும். சனி இல்லை. ஞாயிறு இல்லை. இன்றும் இல்லை. நிறுத்துங்கோ நிறுத்துங்கோ என்று அவன்தானே நின்றான், நிறுத்திவிட்டார், வென்றுவிட்டாய் மரியோ, எழுது இப்போது இரண்டாவது வரியை... கடைசிச் சண்டையில் வன்னியில் அகப்பட்டிருந்த மாமாவின் நம்பருக்கும் அம்மா இப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தார், அவனுக்கு அப்போது நாலு வயது, ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்ப எதையோ சொல்லும், அவன் அதுபோலவே சொல்லிக்காட்டிச் சிரிப்பான், ஒருநாள் அம்மா அடிக்கவில்லை, அன்றைக்குத்தான் மாமாவின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினார், உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை, அம்மா அடிப்பதை நிறுத்தியது மட்டும்தான் நடந்தது... இன்று வேலை முடிந்து அம்மா மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வந்தால்?

கல்லூரி நிறுத்தம் வந்தது, கதவு திறந்தது, மூடியது, அவன் எழும்பவில்லை. அம்மா சேர்த்து வைத்திருக்கிற பூக்களுக்குள் பெருவிரல் போய்க்கொண்டிருந்தது, இது மெத்த மினுக்கம், இதில் குருவி, குருவி வேண்டாம், இது ஏற்கெனவே அனுப்பியது, ஏற்கெனவே அனுப்பியதை எப்படி அனுப்புவது... கடைசியில் ஒரு வெளிர் ரோசாவை எடுத்தான், தேத்தண்ணிக் கோப்பையும் இருந்தது, இருக்கட்டும். அனுப்பினான். ஒற்றைச் சாம்பல் ரிக் விழுந்தது. அங்கே இப்போது பின்னேரம், காலை வணக்கம் சொல்லியிருக்கிறோமே என்று திடீரென்று ஒரு வெட்கம் வந்தது, நாளைக்கு அங்கே விடிகிற நேரம் பார்த்து, இங்கே சாமத்தில் எழும்பி அனுப்பவேண்டும், நாளைக்கா, அப்படியென்றால் எந்த நாள் வரைக்கும்?