ஏலத்துக்கு வந்த ஜாமீன்தாரர்

மச்சினன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டவில்லை. கோர்ட்டில் என்னை ஜப்தி செய்துவிட்டார்கள்.

வேறு எதையும் ஜப்தி செய்ய வழியில்லை. வீடு வாடகை வீடு. கடனில் வாங்கிய, ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியை மச்சினன் ஓட்டிக்கொண்டு எங்கோ வடக்கே போயிருந்தான். கோர்ட் அமீனா வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். கட்டிலையும் மெத்தையையும் தொடக் கூடாது என்று சட்டம். சமையல் பாத்திரத்தையும் தொடக் கூடாது. உடுத்தும் துணிக்கும் விலக்கு. டி.வி. ஓடாது. மீதி இருந்தது நான்தான். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"சட்டையைக் கழட்டுங்க பெரியவரே. சட்டை விலக்குப் பொருள், அது மேல முத்திரை வைக்கக் கூடாது" என்றார்.

கழற்றினேன். அரக்கை உருக்கித் தோளில் முத்திரை வைத்தார். சுடுகிறது என்றேன். அசையும் சொத்து பேசுகிற வழக்கமில்லை என்றார்.

என்னை எடுத்துப்போக அன்றைக்கு வண்டி கிடைக்கவில்லை. ஏலம் வரைக்கும் என் மனைவி தைலம்மாளின் பொறுப்பில் விட்டார். சேதமில்லாமல் ஒப்படைப்பதாக அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கையெழுத்து நன்றாக வரும்.

அதன் பிறகு எனக்கு ஏக கவனிப்பு. "வெயில்ல நிக்காதீங்க. நிறம் மங்கிப்போச்சுன்னா நான்தானுங்க பதில் சொல்லோணும்" என்பாள். கல்யாணமான நாளாய் அவள் என் நிறத்தைப் பற்றிப் பேசியதில்லை.

வக்கீல் மணிவாசகத்திடம் கூட்டிப்போனாள். ஊரில் கடன்பட்டவர்கள் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். போன பிறகு அவருக்கும் கடன்படுவார்கள். நான் நாற்காலியில் உட்காரப் போனேன்.

"அவரைச் சுவரோரமா சாத்தி வைங்கம்மா" என்றார்.

சாய்ந்து நின்றேன்.

"வழி மூணு இருக்கு. ஒண்ணு, கடன் குடுத்தவரோட உட்கார்ந்து பேசி, வட்டியைக் குறைச்சு, தவணை போட்டுக் கட்டறது."

"கட்டப் பணம் ஏதுங்க?" என்றாள் என் மனைவி.

"அப்ப ரெண்டாவது. மஞ்சள் நோட்டீஸ். என்னால கட்ட முடியாதுன்னு இவரே கோர்ட்ல மனு போடறது. திவால்னு அறிவிச்சுட்டா, அப்புறம் ஒருத்தனும் வாசல்ல வந்து கத்த முடியாது."

"அதையே போடுங்க."

"ஜப்திக்கு முன்னாடி வந்திருக்கோணும். மனு மனுஷன்தான் போட முடியும். இவர் இப்ப சொத்து."

"மூணாவது?"

"இலவச சட்ட உதவி. அதுவும் மனுஷங்களுக்குத்தான்."

முதல் நோட்டீஸ் வந்த அன்றைக்கே வந்திருக்கலாம். ஆனால் அதை மடித்து டி.வி.க்கு அடியில் வைத்ததும் டி.வி. ஆடாமல் நின்றது. பிறகு வந்த நோட்டீஸ்களுக்கும் வீட்டில் வேலை இருந்தது.

வக்கீல் விலக்குப் பொருள்கள் பக்கத்தைப் புரட்டினார்.

"தொழில் கருவியை ஜப்தி பண்ணக் கூடாது. இவர் எதுக்காவது பயன்படறாரா?"

என் மனைவி வெகுநேரம் யோசித்தாள். எனக்குக் கால் மரத்துப்போயிற்று.

"தேங்காய் உரிப்பாருங்க. அதுவும் நாலு தடவை சொல்லோணும்."

"கருவின்னா சொல்லாம செய்யோணும். சரி, சமையல் சாமான்ல சேர்க்கலாமா?"

"அடுப்படிப் பக்கமே வரமாட்டாரு."

"படுக்கை?"

"குறட்டைங்க."

வக்கீல் புத்தகத்தை மூடினார். ஆலோசனைக் கட்டணம் ஐநூறு. என்னைச் சாத்தி வைத்ததற்குத் தனியாக வாங்கவில்லை. நல்ல மனிதர்.

ஏலத்துக்கு முந்தின நாள், கடன் கொடுத்த ஃபைனான்ஸ் அங்கமுத்து பார்வையிட வந்தார். தோளைத் தட்டிப் பார்த்தார். வலது கையை நீட்டச் சொன்னார். ஒரு பேனாவைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன்.

"அருமை. கை நடுங்கலை" என்றார். பிறகு என் மனைவியிடம் சொன்னார்: "நானே எடுத்து ஆபீஸ்ல வெச்சுக்கலாம்னு இருக்கறனுங்க. கடன் கேட்டு வர்றவனுக்கெல்லாம் ஜாமீன் போட ஆள் கிடைக்க மாட்டேங்குது. இவர் இருந்தா வர்றவன் போறவனுக்கெல்லாம் போட்டுக் குடுத்துட்டே இருப்பாரு. தேயற சாமானும் இல்லை."

சாகிற வரைக்கும் ஊரார் கடனுக்கெல்லாம் நான் ஜாமீன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எடை குறைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று மனைவி ஊட்டிவிட்டாள். அவளும் சாப்பிடவில்லை. அவள் எடையை யாரும் குறித்து வைக்கவில்லை.

ஏலம் கோர்ட் சைக்கிள் ஸ்டாண்டில் நடந்தது. எனக்கு முன்னால் ஒரு கிரைண்டர் போயிற்று. நல்ல விலை. அமீனா என்னை பெஞ்சின் மேல் ஏற்றினார். அங்கமுத்து ஆயிரம் என்றார். பழைய இரும்புக் கடைக்காரர், எடைக்குத் தருவீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் டீ குடிக்கப் போய்விட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சினன் சென்னியப்பன் வந்தான். கறுத்திருந்தான். மற்றபடி சௌக்கியம்.

"கவலைப்படாதீங்க மாமா. நானே உங்களை எடுத்துடறேன்."

"பணம்?"

"அங்கமுத்து அண்ணன்கிட்டயே கடன் கேட்டிருக்கறேன். தர்றேன்னுட்டாரு. ஒரே ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும்..." என்று ஒரு தாளை நீட்டினான்.

கை தானாக நீண்டது. பழக்கம்.

அப்போது என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். கழுத்திலிருந்த தாலியை எடுத்து வெளியே விட்டாள்.

"இதை ஏனுங்க ஜப்தி பண்ணலை?" என்று அமீனாவிடம் கேட்டாள்.

"தாலியைத் தொடக் கூடாதும்மா. சட்டம்."

"முடிச்சு?"

"முடிச்சும் சேர்த்துத்தான்."

"இந்த முடிச்சைப் போட்டவர் பெஞ்சு மேல நிக்கறாரு. போட்ட முடிச்சு இன்னும் அவுக்கலை. அப்ப அவரும் இதோட சேர்ந்த சாமான்தானுங்களே?"

அமீனா முடிச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மூணு முடிச்சுல ரெண்டு நாத்தனார் போட்டதாச்சேம்மா?"

"நாத்தனார் ஏலத்துக்கு வந்தா அப்பப் பார்த்துக்கலாமுங்க."

அமீனா ஒப்புக்கொண்டார். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. நகை மதிப்பீட்டாளரை வரவழைத்தார்கள். அவர் என் முழங்கையை உரைகல்லில் உரசி, கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செம்பு ஜாஸ்தி. ஆனா நகைதான்."

அமீனா என் தோளிலிருந்த முத்திரையைச் சுரண்டி எடுத்தார்.

"அப்ப என் பாக்கி?" என்றார் அங்கமுத்து.

"கடன் வாங்கினவன் இதோ நிக்கறான்" என்றாள் என் மனைவி. "அரக்கை உருக்குங்க."

"அக்கா!"

"சட்டையைக் கழட்டு கண்ணு."

தம்பிக்கு அவளே பொத்தானை அவிழ்த்துவிட்டாள். அரக்கு சொட்டும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அங்கமுத்து அவனை இரண்டாயிரத்துக்கு எடுத்தார். ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் வைத்திருக்கிறார். நன்றாகக் கையெழுத்துப் போடுகிறானாம்.

கோர்ட் பதிவேட்டில் நான் தாலிக்கொடியைச் சேர்ந்த நகை. தாலியைக் கழற்றக் கூடாது, என்னைக் கழற்றலாம் என்று மதிப்பீட்டாளர் சொல்லிவிட்டார். அதனால் விசேஷம் இல்லாத நாளில் என்னை ரோஸ் தாளில் சுற்றி பீரோவில் வைக்கிறாள். தீபாவளிக்கு முன்னால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். காதுப் பக்கம் நன்றாகப் பளிச்சிடுகிறது.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள். முன்வரிசைப் பெண்கள் என்னைக் கையில் வாங்கிப் பார்த்து, பழைய மாடல், ஆனால் கெட்டி என்றார்கள். சேதாரம் எவ்வளவு, செய்தது யார் என்று கேட்டார்கள். செய்தது யாரென்று எனக்குத் தெரியாது. மீட்டது தைலம்மாள்.