ஆண்டவர் வழியாக ஒரு சண்டை

சாயங்காலம் ஆறரைக்குக் கோயில் வாசலில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அதற்குப் பிறகு சாலையில் நடமாட்டம் கூடாது. இடுப்பில் லாவாலாவாத் துணி கட்டிய இளவட்டங்கள் இரண்டு ஓரமும் நின்று, மீறி வருகிறவனை முறைத்தே நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு வீடு பாய் விரித்து ஜெபம் செய்கிற நேரம் அது. சவாயித் தீவின் அந்த ஊரில் அந்த இருபது நிமிடம் நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும்.

கோயிலில் டீக்கனாக ஊழியம் செய்யும் பெனியாமினா வீட்டில் மட்டும் பத்து நாளாக அந்த நேரத்தில்தான் சண்டை நடந்துகொண்டிருந்தது.

மற்ற நேரத்தில் அங்கே புருஷனும் பெண்டாட்டியும் வாயைத் திறப்பதில்லை. ஆக்லாந்தில் இருக்கும் மகள் ரூத்தாவுக்கு முதல் பிரசவம். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். மூன்று மாதம். பெண்டாட்டி ஃபுவாத்தினோ பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்த அன்றுதான் பெனியாமினா குறுக்கே விழுந்தான்.

"வெள்ளை ஞாயிறுப் பண்டிகை வருது. சபைப் பிள்ளைங்களுக்கெல்லாம் வசனம் சொல்லிக் குடுக்கணும். டீக்கன் பொண்டாட்டி ஊர்ல இல்லன்னா எப்படி? இது ஆண்டவரோட வேலை."

"வசனத்தை நீ சொல்லிக் குடு. பிரசவத்தை நான் பாத்துக்கறேன்."

"போகக் கூடாதுன்னா கூடாது."

இதை அவன் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான், அதுவும் கூடவே வசிக்கும் அக்கா தௌசிலியின் முன்னால். ஃபுவாத்தினோ பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள். வாயையும் மூடிக்கொண்டாள்.

ஆனால் ஜெபத்துக்கு வாயைத் திறந்துதானே ஆகவேண்டும். ஒருநாள் அவன் முறை, மறுநாள் அவள் முறை. முதல் நாள் பெனியாமினா கண்ணை இறுக மூடி, கோயிலில் பேசுகிற அதே கம்பீரத்தோடு ஆரம்பித்தான்.

"கர்த்தாவே, குடும்பத் தலைவனின் சொல்லுக்குக் கீழ்ப்படியும் இருதயத்தை எங்களில் சிலருக்குத் தந்தருளும்."

மறுநாள் ஃபுவாத்தினோ விடவில்லை.

"பிதாவே, பெற்ற மகள் கூப்பிடும்போதும் இளகாத கல்லான இருதயங்களை, அவை டீக்கன்மாரின் இருதயங்களானாலும், உடைத்தருளும்."

மூன்றாம் நாள், உப்பில்லாத கீரையையும் நன்றியோடு உண்ணும் பொறுமையைத் தந்ததற்காக அவன் ஸ்தோத்திரம் செலுத்தினான். நான்காம் நாள், முப்பது வருஷமாக உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று அறியாதவர்களுக்கும் தேவரீர் அதைக் காட்டியருள வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். இருவர் நடையிலும் ஒரு குறை சொல்ல முடியாது. போதகர் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்.

திங்கட்கிழமை காலை, தௌசிலி கொக்கோ ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, ஆண்டவருக்கு வேற வேலை இருக்காதாடா? உங்க ரெண்டு பேர் சேதியையும் சுமந்துகிட்டு எத்தனை நாள் இந்தப் பாய்க்கும் அந்தப் பாய்க்கும் அலைவாரு?"

"ஜெபத்தைப் பத்திக் கிண்டல் பண்ணாதக்கா."

"அது ஜெபம்னா சரி. என் கால்வலியும் பத்து நாளா வரிசைல நிக்குது. நீங்க முடிச்சா நான் சொல்லிக்குவேன்."

பெனியாமினா எதிர்வீட்டைப் பார்த்தான். அங்கே அவன் அண்ணன் எலிசாயா, டின் மீனை வாணலியில் கொட்டி, நின்றபடியே கிளறி, நின்றபடியே தின்றுகொண்டிருந்தான். எலிசாயாவின் மனைவியும் மகள் பிரசவத்துக்கு என்றுதான் ஆக்லாந்து போனாள். அவளும் மூன்று மாதம் என்றுதான் சொன்னாள். பிறகு அடுத்த பேரப்பிள்ளை வந்தது, அதற்குப் பிறகு ஒரு துணி வெளுக்கும் கடையில் வேலை கிடைத்தது. ஆறு வருஷம் ஆகிவிட்டது. எலிசாயா யாரிடமும் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வருவான், சாப்பிட்டு முடித்த பிறகும் நெடுநேரம் எழுந்து போகமாட்டான்.

பெனியாமினாவுக்கு வெள்ளை ஞாயிறெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்த வாணலிதான் அவனை வதைத்தது. ஆனால் ஐம்பத்தாறு வயதில், சபையில் முன்வரிசையில் உட்காருகிறவன், நீ போனால் வரமாட்டாயோ என்று பெண்டாட்டியிடம் எப்படிக் கேட்பது? அதைவிட ஆண்டவரின் வேலையை இழுத்துப் போடுவது சுலபமாக இருந்தது.

அன்று மாலை ஃபுவாத்தினோவின் முறை. அவன் தோளை நிமிர்த்தித் தயாராக உட்கார்ந்தான். நேற்று அவன் சொன்னதற்கு இன்று வட்டியோடு வரும் என்று தெரியும். அவள் ஆரம்பித்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"ஆண்டவரே, ரூத்தாகிட்ட என்னால போக முடியாது. நீர் போய்க் கூட இரும். அவளுக்குச் சின்னதுல இருந்தே வலின்னா ரொம்பப் பயம். முதுகைத் தடவி விட்டா அடங்கிருவா. எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி இருமல் ஜாஸ்தியா இருக்கு. அவரையும் பாத்துக்கும். ஆமென்."

அவ்வளவுதான். பெனியாமினா இன்னும் காத்திருந்தான். குத்தல் எங்கே? அவள் எழுந்துபோய் கிழங்கை எடுத்துத் தட்டில் வைத்தாள். முகத்தில் கோபமும் இல்லை. அவனைத் தாண்டி நேராக மேலே போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டாள். பார்க்கப்போனால் அவன் ஜெயித்துவிட்டான். ஆனால் கையில் எடுத்த கிழங்கைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டான். இத்தனை நாள் அவள் திட்டியதெல்லாம் தன்னோடு பேசியதுதான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இனிமேல் அதுவும் இல்லையா என்று நினைத்ததும் பயந்தே போனான்.

மறுநாள் அவன் முறை. புதன்கிழமை காலைப் படகைப் பிடித்தால்தான் வியாழக்கிழமை விமானத்துக்குப் போய்ச் சேர முடியும். சிலிண்டர் சத்தம் கேட்டது. பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. மூவரும் கண்ணை மூடினார்கள்.

"சர்வவல்லமையுள்ள தேவனே, வானத்தையும் பூமியையும் படைத்த பரமபிதாவே..."

அதற்குமேல் வரவில்லை. இந்தப் பத்து நாளும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பக்கத்தில் இருக்கிறவள் காதுக்கென்றே அளந்து வைத்திருந்தான். மேலே இருக்கிறவரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று அவன் யோசித்ததே இல்லை. தௌசிலி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் பெனியாமினாவின் கோயில் குரல் கீழே இறங்கி வீட்டுக் குரலாகிவிட்டது.

"ஆண்டவரே, வெள்ளை ஞாயிறுன்னு சொன்னதெல்லாம் சும்மா. உமக்குத் தெரியும். இவ போனா திரும்பி வரமாட்டாளோன்னு எனக்குப் பயமா இருக்கு. எங்க அண்ணன் நின்னுகிட்டே சாப்பிடறதைத் தினமும் பாக்கறேன். எனக்கு அப்படி இருக்கத் தெரியாது. மகளுக்கு அம்மா வேணும்னும் தெரியும். தெரிஞ்சேதான் வேணாம்னேன், உம்ம பேரை வேற இழுத்தேன். என்னை மன்னிச்சிரும். இவ போகட்டும்."

ஆமென் வரவில்லை. கண்ணைத் திறக்கவும் வெட்கமாக இருந்தது.

"எலிசாயாவோட பொண்டாட்டியைத் திரும்பி வான்னு யாருமே கூப்பிடல," என்றாள் ஃபுவாத்தினோ.

அவன் கண்ணைத் திறந்தான். ஜெபம் முடியாமலே அவள் கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"ஆறு வருஷத்துல ஒரு தடவைகூடக் கூப்பிடலையாம். பணம் வந்துச்சு, பெட்டி வந்துச்சுன்னு போன் பண்ணுவாராம், வான்னு மட்டும் சொன்னதில்லையாம். ரூத்தாகிட்டச் சொல்லி அழுதிருக்கா."

பெனியாமினா எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி, உடனே இவள் பக்கம் திரும்பினான்.

"நீ வந்துரு," என்றான். "மூணு மாசம் முடிஞ்சதும் வந்துரு, ஃபுவாத்தினோ. எனக்கு நீ வேணும்."

தௌசிலி இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, மூவருக்கும் சேர்த்து ஆமென் சொன்னாள்.

"வரேன்," என்றாள் ஃபுவாத்தினோ. "இன்னிக்குச் சொன்ன மாதிரியே நான் அங்க இருக்கும்போதும் சொல்லு."