ரோரிக்குப் போட்ட மதிப்பெண்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெண்டல் க்ராட்ஸ் முந்தின நாள் ஆட்டத்தின் படத்தைப் பார்க்க உட்கார்ந்தார். ஒஹாயோவில் ஆஷ்பி கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அவர் இருபத்திரண்டு வருடமாகக் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர். பந்தைக் கையில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று மூன்று நொடிக்குள் முடிவெடுக்கிற பையன் எவனோ, அவனுக்கு மதிப்பெண் போடுவது அவர் வேலை. சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை படம், மதியம் இரண்டு மணிக்குக் கூட்ட அறைக் கதவில் தாள். பையன்கள் சர்ச்சிலிருந்தும் படுக்கையிலிருந்தும் நேராக அந்தக் கதவுக்குத்தான் வருவார்கள்.

விதி எளிது. பந்து கைக்கு வருவதிலிருந்து ஆட்டம் நிற்பது வரை ஒரு நகர்வு; ஒவ்வொரு நகர்வுக்கும் தாளில் ஒரு கட்டம். சொன்னதைச் செய்தால் கூட்டல் குறி, செய்யாவிட்டால் கழித்தல் குறி. பந்து எங்கே போய் விழுந்தது, கூட்டம் எவ்வளவு கத்தியது என்பதெல்லாம் சேர்த்தி இல்லை. இந்த விஷயத்தில் வெண்டலுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் படம் பார்ப்பார். வானொலிக்காரன் புளுகுவான், படம் புளுகாது என்பார்.

இன்று தாளின் தலையில் இருந்த பெயர் டேவியன் ப்ரிஸ்கோ. வயது பத்தொன்பது. வழக்கமாக ஆடுகிறவன் முழங்காலை முறித்துக்கொண்டதால், நேற்றுதான் முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கினான். நான்கு புள்ளி பின்தங்கி, ஒரு நிமிடம் மீதி இருந்தபோது, இடப்பக்கம் ஐம்பது கஜ தூரத்துக்கு ஒரு பந்தை எறிந்தான். அது சேர வேண்டிய கையில் போய்ச் சேர்ந்தது, ஆஷ்பி ஜெயித்தது. அதிலிருந்து ஊருக்கு வேறு பேச்சு இல்லை. காலையில் டோனட் கடைக்காரப் பெண்மணி கல்லாவை விட்டு வெளியே வந்து வெண்டலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

முதல் முப்பத்தெட்டு நகர்வுகளில் நான்கே நான்கு கழித்தல். கெட்டிக்காரப் பயல், கண் எங்கே போக வேண்டுமோ அங்கே போகிறது என்று வெண்டல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

முப்பத்தெட்டாவதில் எதிரணிக்காரன் ஒருவன் ஓடிவந்து டேவியனை மல்லாக்கச் சாய்த்தான். தலை தரையில் பட்டு ஒரு முறை துள்ளியது. டேவியன் உடனே எழுந்துவிட்டான். கூட்டம் கைதட்டியது. நேற்று வெண்டலும் கைதட்டியிருந்தார்.

முப்பத்தொன்பதாவதில் பந்து வாங்க வேண்டியவன் வலப்பக்கம் ஓட, டேவியன் இடப்பக்கம் திரும்பி வெறும் காற்றிடம் பந்தை நீட்டினான். கழித்தல். பக்கத்தில் 'கவனமில்லை' என்று எழுதினார். நாற்பத்தொன்றில் ஓரத்திலிருந்து காட்டிய சைகையை மூன்று தடவை பார்த்தும் தப்பான இடத்தில் ஆளை நிறுத்தினான். கழித்தல். கவனமில்லை. நாற்பத்துநான்கில், பந்தை எடுத்துக் கொடுக்கிற நடு ஆட்டக்காரனுக்குப் பின்னால் நிற்காமல் அடுத்தவனுக்குப் பின்னால் போய் நின்றான். நடு ஆட்டக்காரன் அவன் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மூன்றாவது 'கவனமில்லை' பாதியில் நின்றுபோனது. வெண்டல் பென்சிலைக் கீழே வைத்தார். அந்த வார்த்தையை இதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் முன்பும் வரிசையாக எழுதியிருக்கிறார்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, ரோரி ஸ்டாட்லருக்கு. அவனுக்கும் அது முதல் ஆட்டம். அவனும் விழுந்து எழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு ஒன்பது நகர்வுகளைக் கோட்டைவிட்டான். ஒன்பதுக்கும் வெண்டல் 'கவனமில்லை' என்று எழுதி, மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டுக் கதவில் ஒட்டினார். ரோரி எல்லோர் முன்னாலும் அதைப் படித்துவிட்டு, "அடுத்த வாரம் சரி பண்ணிடறேன் கோச்" என்றான். அடுத்த வாரம் இன்னொரு அடி விழுந்தது. அன்று எழுந்திருக்கவில்லை. ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது ரோரியின் பாதிதான்.

இப்போது அவனுக்கு முப்பது வயது. அம்மாவோடு இருக்கிறான். ஆட்டம் நடக்கிற மாதங்களில் ஒவ்வொரு ஞாயிறும் பதினோரு மணிக்கு வெண்டலின் மேசைத் தொலைபேசி அடிக்கும்.

"கோச், ரோரி. நேத்து எனக்கு எவ்ளோ போட்டீங்க?"

"தொண்ணூறுடா."

"அம்மா, தொண்ணூறாம்!"

அவ்வளவுதான், வைத்துவிடுவான். அவனுக்கு அந்த முதல் ஆட்டம் எப்போதும் நேற்றுதான். அடுத்த ஞாயிறு மறுபடியும் கேட்பான். பதினோரு வருடமாக வெண்டல் அதே பொய்யைச் சொல்கிறார். ஒரு தடவைகூட அது நாக்கில் சுலபமாக வந்ததில்லை. சனிக்கிழமை இரவு தூங்கப்போகும்போதே அந்த மணிச்சத்தம் அவர் காதில் விழத் தொடங்கிவிடும்.

மீதிப் படத்தையும் பார்த்தார். கடைசிப் பந்தும் தப்புத்தான். பத்து மணிக்கு டேவியனை வரச்சொன்னார். பையன் உள்ளே வந்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"கடைசியா எறிஞ்சியே, அதைச் சொல்லு பாப்போம்."

"அதுவா கோச்? ஃபோன்ல நூறு தடவை பாத்துட்டேன். இடப்பக்கம் அவன் தனியா ஓடறான், நான்..."

"ஃபோன்ல பாத்தது இருக்கட்டும். நான் உனக்கு என்ன சைகை காட்டினேன்?"

"இடப்பக்கம், தூரமா."

"வலப்பக்கம், கிட்டக்க. இடப்பக்கம் ஓடினவன் ஆளை ஏமாத்த சும்மா ஓடினான். பந்து தன்கிட்ட வரும்னு அவனே நினைக்கல."

டேவியன் சிரிக்கப் பார்த்தான். "ஜெயிச்சாச்சு இல்ல கோச்?"

"மூணாவது கால்பகுதி முடிஞ்சப்போ ஸ்கோர் என்னடா?"

பையன் சுவரைப் பார்த்தான், கையைப் பார்த்தான். பிறகு குரல் இறங்கிப்போனது. "கோச், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். சனிக்கிழமை எங்கம்மா வராங்க, பதினாலு மணி நேரம் பஸ்ல. ஒன்றரை வருஷமா பெஞ்சு தேச்சிருக்கேன். எத்தனை மைனஸ் வேணா போடுங்க, எல்லார் முன்னாடியும் திட்டுங்க. டாக்டர்கிட்ட மட்டும் அனுப்பாதீங்க."

டாக்டர் என்ற வார்த்தையை வெண்டல் இன்னும் எடுக்கவே இல்லை. அன்றைக்கு ரோரியை இப்படி எதிரே உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காமல் மதிப்பெண் போட்டவர் அவர்.

"வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கோ. ஃபோனைப் பாக்காதே. டாக்டர் வருவார்" என்றார். டேவியன் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

தலைமைப் பயிற்சியாளர் ஹாலிஸ் ப்ரூவர் சர்ச்சிலிருந்து கழுத்து டையோடு வந்து நின்றார். "எவ்ளோய்யா? தொண்ணூறைத் தொட்டானா?"

"மதிப்பெண் கிடையாது. முப்பத்தெட்டோட நிறுத்திட்டேன்."

"ஆட்டத்தை ஜெயிச்சுக் குடுத்தவனுக்கு மார்க் போடமாட்டேங்கறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா."

"அவன் தலையில அடி பட்டிருக்கு. அதுக்கப்புறம் நடந்த எதுவும் அவன் ஞாபகத்துல இல்ல. டாக்டருக்குச் சொல்லிட்டேன். சனிக்கிழமை அவன் ஆடமாட்டான்."

"நடக்கறான், பேசறான், ரேடியோக்காரன்கிட்ட ஜோக் அடிக்கறான்!"

"ரோரியும் அடிச்சான்."

ரோரி ஆடிய காலத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் ப்ரூவர். அவர் டையைத் தளர்த்தினார். "அந்தப் பேரை எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்."

"எனக்கு வாரா வாரம் ஃபோன் வருது, ஹாலிஸ். உனக்கு வரல."

"சனிக்கிழமை ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காலேஜ்கிட்ட நாம தோத்தா ஊருக்கு நீயே பதில் சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டு ப்ரூவர் போனார். போகிறபோது தாளைக் கிழிக்கவில்லை. வெண்டல் அதில் டேவியன் பெயருக்கு நேரே, முப்பத்தெட்டுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, அதற்கடியில் இப்படி எழுதினார்: இனி மதிப்பெண் இல்லை, தப்பு இவனுடையது அல்ல.

எழுதியதை ஒருமுறை படித்தார். தொலைபேசி அடித்தது. மணி பதினொன்று.

"கோச், ரோரி. நேத்து எனக்கு எவ்ளோ போட்டீங்க?"

தொண்ணூறு என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. வெண்டல் தாளைப் பார்த்தார்.

"நாற்பத்தொண்ணு போட்டேன்டா."

"நாற்பத்தொண்ணா? நான் அவ்ளோ மோசமாவா ஆடினேன்?"

"இல்ல. நான் போட்டது தப்பு. உன் தலையில அடி பட்டிருந்துச்சு. நான் அதைப் பாக்கல. உனக்கு மார்க் போட்டதே தப்பு, ரோரி. என்னை மன்னிச்சுடு."

அவர் அழுதார், ரிசீவரைக் கையால் மூடிக்கொள்ளவும் இல்லை. ரோரி பொறுமையாகக் காத்திருந்தான், பிறகு மெல்லக் கேட்டான்.

"அப்போ அடுத்த வாரம் நான் ஆடலாமா கோச்?"

"வேண்டாம்டா. அடுத்த வாரம் நீ ஆட வேண்டாம். உக்காந்துக்கோ."

"சரி கோச்" என்றான் ரோரி. கொஞ்சம்கூட வருத்தமில்லாத குரல், சந்தோஷமாகக்கூட இருந்தது. "அம்மா, அடுத்த வாரம் நான் உக்காரணுமாம்!"

வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு மறுபடியும் கேட்பான், இதை முதலிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டும். வெண்டல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக் கதவைப் பார்த்து நடந்தார்.